செயற்பாடு நான்கு: வாப்பா பிறந்த ஊர்

சின்னக்குடா,
கற்பிட்டி.
18.07.2012

அன்புள்ள அஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறோம்.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் வீட்டுக் கதை வந்துவிடுகிறது. பிறகு யாராவது ஒருவர் போனை வெட்டிவிடுகிறார். போன கிழமை வெட்டியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். ஆகவே எழுதுகிறேன். ஹிஸ்புல்லா நானாவின் லொறி வியாழக்கிழமைகளில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு முசலிப் பக்கம் வருகிறது. வெள்ளிக்கிழமை திரும்புகிறது. பதில் எழுதினால் அவரிடம் கொடுங்கள்.

நோன்பு விடுமுறைக்கு நாளையோடு பள்ளிக்கூடம் மூடுகிறோம். ஒரு மாதம். பிள்ளைகள் டீவிக்கு முன்னால் கிடந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டு வருவார்கள் என்று அதிபருக்குப் பயம். மூன்றாம் வகுப்புக்குச் சுற்றாடல் பாடத்தில் வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் ரீச்சர் என்றார். பத்துச் செயற்பாடுகள் எழுதினேன். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் நுரைச்சோலையில் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தாயிற்று. அதில் ஒன்று எங்கள் மகளுக்கு.

உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு பகல் முழுவதும் கவனித்து எழுது. காலையில் வாசலில் நின்று நான்கு திசைகளையும் கண்டுபிடி. இப்படி. கடையில் போய் ஒன்றும் வாங்கத் தேவையில்லாமல் எழுதினேன். வாசலும் வெயிலும் எல்லாரிடமும் இருக்கும்.

நான்காவது இது: வாப்பா பிறந்த ஊரைப் பற்றி அவரிடம் கேட்டு, அந்த ஊரின் படத்தை வரைக. திசைகளைக் குறிக்க. படத்தில் என்ன நேரம் என்றும் எழுதுக.

எழுதும்போது என் வீட்டுப் பிள்ளை நினைவுக்கு வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வாப்பா பிறந்த ஊர் அடுத்த ஒழுங்கை, நடந்து போகிற தூரம்.

திசையை இன்று காலையே செய்துவிட்டாள். வாசலில் சூரியனைப் பார்த்து நின்றாள். முன்னால் களப்பு. "தண்ணி ஈக்கிற பக்கம் கிழக்கு" என்று கொப்பியில் எழுதினாள். நான் சரி போட்டேன். நம் வாசலுக்கு அது சரிதானே.

நான்காவதுக்கு என்னைக் கேட்கிறாள். நான் அங்கே இரண்டு கிழமை இருந்தவள். தகரக் கொட்டிலின் சூட்டைத் தவிர எதுவும் மனதில் இல்லை. மகளுக்கு அதுவும் நினைவில்லை. நீங்களே எழுதுங்கள். ஒன்பது வயதில் விட்டுவந்த ஊரை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது கஷ்டமாக இராது.

நோன்புக்கு வருவீர்களா? கஞ்சிக்கு ஓராளின் அரிசி கூடப் போடுவதா என்று உம்மா கேட்கிறா.

இப்படிக்கு,
ஃபாஹிமா


முள்ளிமுனை,
முசலி.
20.07.2012

அன்பின் ஃபாஹிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாளை தலை நோன்பு. ஹிஸ்புல்லா நானா தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன். முதலில் மகளுக்கு. வாசித்துக் காட்டு.

மகள் அஸ்கா, வாப்பா பிறந்த ஊருக்குப் பெயர் முள்ளிமுனை. பெரிய ரோட்டில் பஸ்ஸால் இறங்கினால் செம்மண் பாதை. முதலில் ஒரு கிணறு வரும். மரைக்கார் கிணறு. மரைக்கார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு பள்ளிவாசல். சுவர் மட்டும் நிற்கிறது. சுவருக்குள் ஒரு மரம் முளைத்து, அப்போது இருந்த மினாராக் கோபுரத்தை விட உயர்ந்துவிட்டது. அதற்கு அடுத்தது எங்கள் வளவு. வளவில் வாப்பாவின் தகரக் கொட்டில். வாசலுக்கு முன்னால் காடு. நாங்கள் இல்லாத இருபது வருடத்தில் அது வாசல் வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கடல்.

என் வாப்பாவுக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக நேரம் கிடைக்காது. வலையை வைத்துவிட்டு மணலில் நின்று கடலைப் பார்த்துத் தொழுவார். நான் பின்னால் நிற்பேன். ஒருநாள் என் பெருவிரலை நண்டு பிடித்துவிட்டது. கத்தினேன். வாப்பா திரும்பவில்லை. தொழுது சலாம் கொடுத்து முடித்த பிறகுதான் திரும்பி, "நண்டு இன்னும் ஈக்கா, பெய்த்தா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

தொண்ணூறில் இயக்கத்துக்காரர் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது அந்த வலையை மடித்துக் கூரையில் வைத்துவிட்டு வந்தோம். ஒரு கிழமைக்குள் திரும்பிவிடலாம் என்றார்கள்.

இது போதுமா மகள்? பெரிய தாளில் வரை. ஒன்று கொப்பிக்கு, ஒன்று வாப்பாவுக்கு.

ஃபாஹிமா, கஞ்சிக்கு என் அரிசி போட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல். போன நோன்பில் உன் தம்பி ஸஜீத் கோப்பையை நீட்டிக்கொண்டு சொன்னது இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. "மச்சானுக்கு ரெண்டு கோப்ப ஊத்துங்கம்மா, அகதிக்கு நிவாரணம் நின்டு பெய்த்தாம்." எல்லாரும் சிரித்தீர்கள். அஸ்காவும் சிரித்தாள். அவளுக்கு என்ன விளங்கிற்று என்று தெரியாது. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் சீதன வீட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். ஒரு ஆணி அடிக்கும்போதும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் அடித்தேன்.

படத்தை அனுப்பு.

றஊப்


சின்னக்குடா,
01.08.2012

அன்புள்ள அஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன வியாழன் லொறி வரவில்லை. டயர் பிரச்சினையாம். ஆகவே தாமதம். என்னைக் குறை நினைக்க வேண்டாம்.

படம் இத்துடன். மூன்று நாள் எடுத்தாள். நண்டு பள்ளிவாசலை விடப் பெரிதாக இருக்கிறது. சிறியதாகப் போடு என்றால், "அது கடிச்சதே உம்மா" என்கிறாள். வலது பக்கம் உயரமாக நிற்பது மினாரா இல்லை. அனல்மின் நிலையத்துப் புகைக்குழாய். எல்லா ஊரிலும் அது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறாள். நினைவு தெரிந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்தால் அதுதானே.

உப்புச் செயற்பாடும் முடிந்தது. களப்புத் தண்ணீர் இரண்டு நாளில் வற்றி, தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அன்று அரை நோன்பு பிடித்திருந்தாள். மறந்துபோய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு வாசலில் இருந்து அழுதாள். மறதியில் சாப்பிட்டால் நோன்பு முறியாது என்றேன். "சாப்பிடல்ல, உப்பா எண்டு பாத்த" என்று இன்னும் அழுதாள். உங்கள் பிள்ளை.

ஸஜீதிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "மச்சான் ஒரு வருஷமா அதயா நெஞ்சில வெச்சிட்டு ஈக்கார்? பகிடிக்குச் சொன்னதுதானே" என்றான். பிறகு கடைக்குப் போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிவந்து, லொறியில் போடுங்க தாத்தா என்று என்னிடம் சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். நோன்பு திறக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் சிரித்தேன். மறுக்கவில்லை. சிரித்துவிட்டுத்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். பெரிய தாள் ஏன்? உங்களுக்கு ஒன்று ஏன்? வைத்துப் பார்க்கவா?

ஃபாஹிமா


முள்ளிமுனை,
03.08.2012

அன்பின் ஃபாஹிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டு அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இன்னொன்று வரைந்து அனுப்ப வேண்டும். புகைக்குழாய் வேண்டாம். கொட்டிலுக்குப் பக்கத்தில் நீலத் தண்ணீர்த் தாங்கி ஒன்று போடச் சொல். திரும்பி வந்த எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் நாங்கள் மூன்று பேரும் நிற்க வேண்டும். மேலே "வாப்பா பிறந்த ஊர்" என்று எழுத வேண்டாம். "எனது ஊர்" என்று எழுதட்டும். எழுத்து அவளுடைய கையெழுத்தாகவே இருக்கட்டும். நீ தொட வேண்டாம். ரீச்சரின் கை பட்டால் தெரிந்துவிடும்.

ஏன் என்று கேட்பாய்.

பதினைந்தாம் திகதி வீட்டுத் திட்டத்து ஆட்கள் வருகிறார்கள். கல்வீட்டுக்கான கடைசிப் பட்டியல். குடும்பமாக இருப்பவர்களுக்கு மட்டும்தான். தனி ஆளாக இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். இனி வேறு பட்டியல் இல்லையாம். வந்தால் கறிச்சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். கொடியில் என்ன காய்கிறது என்று பார்க்கிறார்கள். பிள்ளையின் புத்தகம் கொப்பியைக் கேட்கிறார்கள்.

அன்று காலைதான் நீங்கள் இருவரும் உன் உம்மாவைப் பார்க்கப் போனதாகவும், இரவுக்குத் திரும்புவதாகவும் சொல்லப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் வந்தபோது அஸ்காவின் மஞ்சள் சட்டை ஒன்று இங்கே மறந்துபோய்க் கிடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவிக் கொடியில் போடுகிறேன். அழுக்கே இல்லாத சட்டை. சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்.

இது இங்கே பெரிய பொய்யுமில்லை. பக்கத்து வளவு அஸ்மியின் கொடியில் மூன்று பிள்ளைகளின் உடுப்புக் காய்கிறது. மூன்றும் மதுரங்குளியில் படிக்கின்றன. எல்லாருக்கும் புத்தளத்தில் ஒரு குடும்பம், இங்கே ஒரு கொடி.

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். படமாவது வரட்டும்.

அந்த வீடு எனக்கு வேண்டும், ஃபாஹிமா. நான்கு சுவருக்கு ஆசைப்பட்டு இல்லை. கேட்காமல் ஒரு ஆணி அடிக்க வேண்டும்.

றஊப்

பேரீச்சம்பழம் கிடைத்தது. அஸ்மிக்குக் கொடுத்துவிட்டேன்.


சின்னக்குடா,
08.08.2012

அஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கப் பழகட்டும் என்றுதான் அந்தத் தாளை எழுதினேன். தன் வாசல், தன் தண்ணீர், தன் வீட்டு ஆட்கள். முப்பத்தொரு பிள்ளைகளின் வாப்பாமார் அதை அப்படித்தான் எடுத்தார்கள். நீங்கள் சாட்சிக்கு எடுத்திருக்கிறீர்கள்.

"எனது ஊர்" என்று எழுதச் சொன்னபோது பென்சிலை வைத்துவிட்டாள். "இது எனது ஊர் இல்லையே உம்மா?" வாப்பாவுக்காக எழுது என்றேன். எழுதினாள். பிறகு, "அப்ப இது?" என்று ஜன்னலைக் காட்டினாள். நான் சமையல் அறைக்குப் போய்விட்டேன்.

ஏன் வரமாட்டாய் என்று நீங்கள் இந்த முறை கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. காய்ச்சல் வந்தால் பஸ் வரும்வரை காய்ச்சல் பொறுக்க வேண்டும். எனக்கு இங்கே வகுப்பு இருக்கிறது. இதெல்லாம் நான் நூறு தரம் சொன்னது. சொல்லாதது ஒன்று இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையை உன் ஊரை விட்டு வா என்று கேட்கிறவர், ஒன்பது வயதில் தனக்கு என்ன நடந்தது என்று மறந்தவராக இருக்க வேண்டும். நீங்களோ அதைத் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. இது இரண்டும் எப்படி ஒரு ஆளுக்குள் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

படம் இத்துடன். புகைக்குழாய் இல்லை. நீலத் தாங்கி இருக்கிறது. மூன்று பேரும் வாசலில். சூரியன், திசைகள், நேரம், எல்லாம் செயற்பாட்டில் கேட்டபடி இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே நான் எதையும் தொடவில்லை. எதையும் திருத்தவில்லை.

பெருநாளைக்காவது வாருங்கள். உங்களுக்குச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஃபாஹிமா


முள்ளிமுனை,
17.08.2012

ஃபாஹிமாவுக்கு,

வந்தார்கள். அஸருக்குப் பிறகு. இரண்டு பேர். பெரியவர் நிக்கொலஸ் என்று இந்தக் கடற்கரைக்காரர். வயதானவர். கூட வந்தவன் ஒரு இளம் ஆள், பட்டியலும் பேனையுமாக.

கறிச்சட்டியைப் பார்த்தார்கள். நான் காலையிலேயே மூன்று பேருக்கு ஆக்கி வைத்திருந்தேன், நோன்போடு. சட்டையைப் பார்த்தார்கள். அந்த இளம் ஆள் தொட்டும் பார்த்தான். ஈரம். தலையாட்டினான். பிறகு நிக்கொலஸ் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம். நண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளையின்ர படமோ தம்பி?"

"ஓம் சேர். மூண்டாம் வகுப்பு."

"வடிவாக் கீறியிருக்கு. எவ்வளவு காலமா இங்க இருக்குது பிள்ளை?"

"வந்ததில இருந்து எங்களோடதான் சேர். ரெண்டு வருஷம்."

"அப்ப தினமும் விடியக்காலமை இப்பிடித்தான் பாக்குது, என்ன? கடலுக்குள்ளால சூரியன் வாறதை?"

"ஓம் சேர். ஒவ்வொரு நாளும்."

ஓம் என்றேன், ஃபாஹிமா. ஒவ்வொரு நாளும் என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

இளம் ஆள் சிரித்துவிட்டான். நிக்கொலஸ் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து மணி இருக்கும். சூரியன் கடலுக்கு மேலே நின்றது. தண்ணீர் முழுக்க வெளிச்சம், கண் கூசியது. "எங்க நிக்குது பாத்தியே?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பிப் போய்ப் படத்தைப் பார்த்தேன். கடலுக்குள் பாதிச் சூரியன். பக்கத்தில் "கிழக்கு". கீழே "காலை 6.00 மணி". உங்கள் வாசல். உங்கள் களப்பு. புகைக்குழாயைக் கண்டுபிடித்தேன். தாங்கி இல்லாததைக் கண்டுபிடித்தேன். சூரியன் மட்டும் கண்ணில் படவில்லை. இருபது வருடம் உங்கள் பக்கம் விடிந்ததையே பார்த்துப் பழகிய கண். இரண்டு வருடமாக இங்கே காட்டுக்குள்ளிருந்து விடிகிறது. நானும் எழும்பித்தான் இருக்கிறேன். கடலைப் பார்த்துத்தான் தொழுகிறேன். இங்கே விடிவதை அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நிக்கொலஸ் போகும்போது சொன்னார்: "நானும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவன்தான் தம்பி. உன்ர பேரைப் போட்டுவிட மனமிருக்கு. ஆனா இவன் கண்டிட்டான், போய்ச் சொல்லுவான்." அந்த ஆள் பேனையால் என் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தான். பிறகு நேராக வரவில்லை என்று இன்னொரு கோடு இழுத்தான்.

அடுத்த பெயர் அஸ்மி. அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது. அவன் வீட்டில் படம் ஒன்றும் இல்லை. மூன்று சட்டை மட்டும்தான்.

நீ ரீச்சர். திசை படிப்பிக்கிறவள். அந்தப் படம் உன் கையால்தான் உறைக்குள் போனது. எதையும் திருத்தவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இப்போது திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

தெரியாமல் விட்டாயா, தெரிந்து விட்டாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

றஊப்


சின்னக்குடா,
22.08.2012

அஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தெரிந்து.

இதற்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மிச்சத்தையும் எழுதாமல் விட்டால், அது இன்னொரு பொய்.

பிழையை முதல் பிடித்தது நான் அல்ல. அஸ்கா. இரண்டாவது படத்தைக் கீறும்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மணலில் நின்று கடலைப் பார்த்துத் தொழுவார் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். எழும்பி, மேற்கைப் பார்த்து விரித்திருந்த தொழுகைப் பாயைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "நாங்க தொழக்குள்ள களப்பு முதுகுக்குப் பின்னாலதானே உம்மா. வாப்பாட வாப்பாக்குக் கடல் முன்னால எண்டா, அங்க கடல் மேற்குலதானே?" பன்னிரண்டு வருடம் படிப்பித்து, ஒரு பிள்ளை இப்படித் தானாகப் பிடித்ததை நான் கண்டதில்லை. அழிறப்பரைக் கையில் எடுத்துவிட்டாள்.

வேண்டாம் என்றேன். நீ கண்டதைப் போடு என்றேன்.

"பிழை எண்டு தெரியுமே உம்மா."

"வாப்பாக்கு இப்படித்தான் விருப்பம்" என்றேன்.

அழிறப்பரை வைத்துவிட்டாள்.

வீடு கிடைக்காவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். என் யோசனை அவ்வளவுதான். அதில் வஞ்சம் இல்லை என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. கொஞ்சம் இருந்தது. சீதன வீடு, ஆணி, கஞ்சி என்று ஒன்பது வருடத்தை நான்கு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒன்பது வருடத்தில் நானும் இருந்தேன்.

நீங்கள் அந்தப் பிள்ளையின் கையால் பொய் சொன்னீர்கள். நான் அதே கையால் உங்களைப் பிடித்துக் கொடுத்தேன். யாருடைய பாவம் கூட என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடையது இல்லை என்று மட்டும் தெரியும். ஆனால் அவளுக்கு அது தெரியாது. உங்கள் கடிதத்தை நான் மறைத்து வைத்தேன். அவள் அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்துவிட்டாள். வாசிக்கப் பழக்கியதும் நான்தான். "நான் சூரியனப் பிழையாப் போட்டதாலயா வாப்பாக்கு வீடு குடுக்கல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. பெருநாளன்று புதுச்சட்டை உடுக்கவில்லை.

உங்கள் சட்டை மடித்தபடி இருக்கிறது.

வாருங்கள். என்னை ஏசத்தான் வருவதென்றாலும் வாருங்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

ஃபாஹிமா


முள்ளிமுனை,
31.08.2012

ஃபாஹிமா,

தெரிந்து என்று எழுதியதற்கு நன்றி. மறைத்திருந்தால் வந்திருப்பேன். வந்து, சந்தேகத்தோடு அதே வாசலில் இருந்திருப்பேன். இப்போது தேவையில்லை.

விவாகரத்துக்குக் காதியாரிடம் போகமாட்டேன். பிள்ளைக்குப் பெயர் கெட வேண்டாம். வரவும் மாட்டேன். யாராவது கேட்டால் கடல் தொழில் என்று சொல். அஸ்மியின் வீட்டு வேலைக்குக் கல் சுமக்கிறேன். அத்திவாரம் வெட்டியாயிற்று. அவனுடைய பெண்சாதி வந்து பார்த்துவிட்டுப் பின்னேரப் பஸ்ஸில் மதுரங்குளிக்குத் திரும்பிப் போனாள்.

மஞ்சள் சட்டையை அனுப்புகிறேன். கழுவிக் கழுவி நிறம் போய்விட்டது. அவளுக்கு இனி அளவும் இராது. வேறு யாருக்காவது கொடு.

படத்தை அனுப்பவில்லை.

நேற்று விடிய எழும்பிக் கடற்கரையில் நின்றேன். பார்க்க வேண்டும் என்றே நின்றேன். முதுகில் வெயில் பட்டது. என் நிழல் நீளமாக விழுந்து கடலுக்குள் போனது. அலை வரும்போது தலைப் பக்கம் ஆடியது. உன் வாசலில் நின்ற காலத்தில் காலை நிழல் வீட்டுக்குள் விழும். ஒன்பது வருடமும் அது அங்கே விழுந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மகளிடம் சொல், படம் பிழையில்லை. மேலே எழுதச் சொன்னதுதான் பிழை. அது வாப்பா சொன்னது.

றஊப்


சின்னக்குடா,
26.09.2012

அஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று வெள்ளிக்கிழமை லொறியைப் பார்த்திருந்தேன். நீங்கள் லொறியடிக்கு வருவதாகவும், வெங்காய மூட்டை இறக்க உதவுவதாகவும், கடிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதில்லை என்றும் ஹிஸ்புல்லா நானா சொல்கிறார். "மச்சான் நல்லாத்தான் ஈக்கார், மெலிஞ்சு பெய்த்தார்" என்றார். இரண்டும் எப்படி என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லச் சொன்னதை அன்றே அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். சட்டையை எடுத்து மணந்து பார்த்தாள். பிறகு தன் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள். யாருக்கும் கொடுக்க விடுகிறாள் இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் விடுமுறைக் கொப்பிகளைச் சேர்த்தேன். முப்பத்தொரு பிள்ளைகளின் நான்காம் செயற்பாட்டுக்கும் சரி போட்டேன். எல்லாம் ஒரே களப்பு, ஒரே புகைக்குழாய். அஸ்காவின் கொப்பியில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. புள்ளி போடாமல் மூடினேன்.

இப்போது வகுப்பில் எதைக் கீறச் சொன்னாலும் சூரியனை நட்டநடுவில், தாளின் மேல் விளிம்போடு வைக்கிறாள். சந்தை கீறினாலும் அப்படி. பள்ளிக்கூடம் கீறினாலும் அப்படி. ஒரு மரத்துக்கும் நிழல் இல்லை. ஆட்களுக்கும் இல்லை.

நேற்று வீட்டில் கேட்காமலே ஒரு படம் கீறினாள். ஒரு வீடு, பக்கத்தில் தண்ணீர், வாசலில் யாரும் இல்லை. சூரியன் நடு உச்சியில். திசை ஒன்றும் குறிக்கவில்லை. மேலே ஊரின் பெயரும் இல்லை. இது எந்த ஊர் மகள் என்று கேட்டேன்.

"பகல் பன்னெண்டு மணி உம்மா" என்றாள்.

ஃபாஹிமா